வீட்டில் பேசும் மொழி

பிப்ரவரி 4

இல்லை, பொய் என்று சொல்ல முடியாது. எண்கள் எல்லாம் சரி. நானே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஆனாலும் இதைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் இந்தப் பள்ளியை அடையாளம் காண முடியாது.

ஸ்கூல் ப்ரொஃபைல் என்கிறார்கள். இரண்டு பக்கம். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்களோடும் இதுவும் போகும். எங்கோ ஒரு கல்லூரி அலுவலகத்தில் முகம் தெரியாத ஒருவர் இதைப் புரட்டிவிட்டு, பிள்ளை எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்வார்.

ஆல்டன்புரூக் உயர்நிலைப் பள்ளி, நியூ ஜெர்சி. அமைதியான புறநகர்ச் சமூகம். மாணவர்கள் 1,412. வீட்டில் பேசும் மொழிகள் 34. பட்டம் பெறுவோர் 98 விழுக்காடு. இப்பள்ளி மாணவர்களைத் தரவரிசைப்படுத்துவதில்லை.

கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. யார் எத்தனையாவது என்று கஃபட்டீரியாவில் எந்த மேஜையில் கேட்டாலும் சொல்வார்கள். அம்மாக்களைக் கேட்டால் சராசரி மதிப்பெண்ணையே புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வரை சொல்வார்கள்.

இந்த ஆண்டுத் தாளைப் புதுப்பிக்கும் வேலை எனக்கு. கவுன்சலிங் அலுவலகத்தில் பகுதிநேர உதவியாளர். வாசலை ஒட்டிய மேஜை. தலைமைக் கவுன்சலர் மிசஸ் பிராண்ட் பழைய தாளை நீட்டி, "நீ இலக்கியம் படித்தவள். இதை மனிதர்கள் படிக்கிற மாதிரி ஆக்கு" என்றார். மொழிகளைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கலாமா என்று கேட்டேன். எழுதிக் காட்டு என்றார்.

மதுரையில் எம்.ஏ. இங்கே வந்து இரண்டு வருடம், வேலை செய்ய அனுமதி வரும்வரை, ஒரு ஜன்னலோரம். இப்போது ஒரு பத்தி.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதினால் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அப்படித்தான் இருக்கிறேன்.

பிப்ரவரி 6

சுபத்ரா அக்கா காரில் கொண்டுவந்து விட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் அவர் பள்ளிக்கு வருவார். பெற்றோர் சங்கத்தின் துணைத் தலைவி. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியும் அவர்தான் நடத்துகிறார்.

"கையுறை எங்க கண்ணு? மறுக்காவும் மறந்துட்டியா? வெரலு கழண்டு உழுந்துரும், அப்புறம் எதுல டைப் அடிப்ப?"

கோயம்புத்தூரை விட்டு வந்து இருபது வருடம். பேச்சு மட்டும் விட்டு வரவில்லை.

இந்த வேலைக்கு என் பெயரைச் சொன்னவர் அவர். நான் போட்டிருக்கும் கோட்டு அவர் மகள் நேத்ராவுடையது. அவளுக்குச் சின்னதாகிவிட்டது. எனக்குச் சரியாக இருக்கிறது. பதினேழு வயதுப் பெண் வளர்ந்து கழற்றிப் போட்ட ஒன்றுக்குள் இருபத்தாறு வயதில் புகுந்துகொள்கிறேன்.

பிப்ரவரி 10

மதியம் எங்கள் அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெண் தனியாகச் சாப்பிடுகிறாள். கஃபட்டீரியா இரைச்சல் பிடிக்காதாம். இன்று போனில் யாரிடமோ பேசிவிட்டு, "சரி, வைக்கேன்" என்றாள்.

வைக்கேன். எங்கள் ஊர்ப் பேச்சு. நான் எழுந்து அவளிடமே போய்விட்டேன்.

"நீ எந்த ஊரு?"

"ஆல்டன்புரூக்."

"அது சரி. பேச்சு எந்த ஊரு?"

சிரித்துவிட்டாள். "எங்கம்மா ஊரு. வீரவநல்லூர். நீங்க?"

"பாளையங்கோட்டை."

"ஜெயில் பக்கமா?"

"எல்லாரும் இதத்தான் கேக்காங்க. அங்க வீடுகளும் இருக்கு."

முத்தரசி. பதினொன்றாம் வகுப்பு. ஆங்கிலத்தில் பேசினால் இந்த ஊர்ப் பெண். தமிழில் பேசினால் என் தெருப் பெண்.

பெயரை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் ஓர் அறக்கட்டளைக்குப் பள்ளி ஒரே ஒரு பெயரை அனுப்பலாம். தேர்வானால் நான்கு வருடக் கல்லூரிப் படிப்பு முழுவதையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்த முறை மிசஸ் பிராண்டின் மேஜைக்கு இரண்டு பெயர்கள் வந்திருக்கின்றன. முத்தரசி அருணாசலம். நேத்ரா செந்தில்குமார். மார்ச் கடைசியில் முடிவு. வேதியியல் ஆசிரியர் முத்தரசியைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். கோயிலுக்குள் பேசுவதுபோல.

பிப்ரவரி 13

மறுபடி பெஞ்சில், போனில்.

"அக்கா, மாத்திரை போட்டியா? பொய் சொல்லாத. அப்பா வந்தாச்சா? ம். சரி, வைக்கேன்."

"அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"கால் வீங்குது மிஸ். நின்னுக்கிட்டே வேலை." பிறகு, சாதாரணமாக: "அவங்க அக்கா இல்ல. அவங்கதான் எங்கம்மா."

"அப்ப முந்தாநாள் சாப்பாடு கொண்டு வந்தாங்களே, அம்மான்னியே?"

"அவங்க சித்தி."

குழம்பிய என் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். கதை இதுதான். அப்பாவும் அம்மாவும் முதலில் இங்கே வந்துவிட்டார்கள். ஆறு வயது வரை இவளை வளர்த்தது சித்தி. வளர்த்தவள் அம்மா ஆனாள். பெற்றவளைச் சித்தியும் மாமாக்களும் 'அக்கா' என்று போனில் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இவளுக்கும் அவள் அக்கா ஆனாள். பிறகு இங்கே வந்து பெற்றவர்களோடு சேர்ந்தபோது யாரும் சொல்லை மாற்றவில்லை. சித்தி திருமணமாகி ஆல்டன்புரூக்குக்கு வந்தாள். இவள் ஒன்பதாம் வகுப்பு வந்ததும் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். சனி ஞாயிறு ஆற்றுக்கு அந்தப் பக்கம், நகரத்தில், அப்பா அம்மாவிடம்.

"ஆபீஸ்ல என்னன்னு எழுதியிருக்கு?"

"சேக்கும்போது சித்திதான் கூட்டிட்டு வந்தாங்க. நான் அம்மா அம்மான்னு கூப்பிட்டேனா, அந்த லேடி அப்படியே போட்டுட்டாங்க. சித்தி பேரு செல்வராணி, அக்கா பேரு செல்வமணி. ரெண்டு பேருக்கும் கடைசிப் பேரு தாத்தா பேரு. இங்கிலீஷ்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம். பர்த் சர்ட்டிபிகேட்லதான் தப்பா அடிச்சிருக்குன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க."

"நீங்க சொல்லலையா?"

"ஏன் சொல்லணும்?" என்றாள். டிபன் பாக்ஸை மூடினாள். மணி அடித்தது.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். தாயோ தந்தையோ சட்டப்படியான காப்பாளரோ இந்த ஊர் எல்லைக்குள் குடியிருக்க வேண்டும். சித்தி போதாது. அப்பா நகரத்தில் ஓர் ஓட்டலில் தோசை மாஸ்டர். அம்மாவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. விஷயம் வெளியே வந்தால் இந்தப் பள்ளி இல்லை. அந்த ஒரே ஒரு பெயரும் இவளுடையதாக இருக்காது.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அவள் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 14

பனி. பள்ளி இல்லை. என் கணவன் அருள் வீட்டிலிருந்து வேலை. நாள் முழுக்க அவன் மீட்டிங்குகளின் ஒரு பாதி மட்டும் கேட்டது.

பிப்ரவரி 18

வீடு வரை சுபத்ரா அக்காவோடு. நிறையப் பேசினேன். இவ்வளவு பேசி எத்தனை மாதம் ஆகிறது.

என் பத்தியைப் பற்றிச் சொன்னேன். மொழிகள் 34 என்று எழுதினால் போதுமா அக்கா, ஒவ்வொரு மொழிக்குள்ளும் ஒரு வீடு வேறு மாதிரி அடுக்கப்பட்டிருக்கிறதே. அம்மாவை அக்கா என்று கூப்பிடும் பிள்ளை ஆங்கிலத்தில் தன் வீட்டை எப்படிச் சொல்லும்? சித்தி அம்மாவாகி, அம்மா அக்காவாகி, இவர்கள் பதிவேட்டில் எல்லோரும் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்களே. "ஒரே ஒரு சொல் ஒரு வீட்டையே இடம் மாற்றிவிடுகிறது" என்றேன். நன்றாக வந்தது என்று தோன்றியது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

"நீ பேசறது கேக்கவே நல்லாருக்குது கண்ணு. இன்னுஞ் சொல்லு."

சிக்னல் பச்சையான பிறகும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன்.

பெயர் எதையும் சொன்னதாக நினைவில்லை.

இறங்கும்போது, "அந்த அறக்கட்டளை நாமினேஷன் எந்த நெலமைல இருக்குது?" என்றார். அது நான் வெளியே சொல்லக் கூடாத விஷயம். சிரித்து வைத்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலுவலக ரகசியம் காப்பதில் நான் மிகவும் கவனமானவள்.

பிப்ரவரி 21

பத்தியைக் கொடுத்தேன். மிசஸ் பிராண்ட் இரண்டு முறை படித்தார். அழகாக இருக்கிறது என்றார். பிறகு முழுவதையும் நீக்கச் சொன்னார். கல்லூரிக்காரர்களுக்கு 34 போதுமாம்.

மாலை முட்டைக்கோஸ் நறுக்கினேன். அருள் கேட்டான், என்ன இவ்வளவு பொடியாக என்று.

பிப்ரவரி 27

தொலைந்த பொருட்கள் பெட்டியைக் காலி செய்தேன். ஒற்றைக் கையுறைகள், பல் கம்பி வைக்கும் டப்பா, யாரோ ஒருவரின் இடது ஷூ. ஒரு காலில் ஷூ இல்லாமல் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. இதையெல்லாம் ப்ரொஃபைலில் எந்தத் தலைப்பின் கீழ் போடுவது.

மார்ச் 4

முத்தரசி இன்று சாப்பிடவில்லை.

"மூணு நாளா காலைல சித்தி வீட்டுக்கு எதுர ஒரு வெள்ளைக் கார் நிக்கி மிஸ். ஒரு ஆளு உள்ள உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டே இருக்கான். சனிக்கிழமை அங்க, அக்கா வீட்டுக் கீழயும் அதே காரு."

"வேற ஏதாவது காரா இருக்கும்."

"நம்பர் பாத்தேன்."

பக்கத்து வீட்டுக்காரர் யாராவது புகார் கொடுத்திருப்பார்கள் என்றேன். இந்த ஊரில் புல் வெட்டாவிட்டாலே புகார் கொடுப்பார்கள்.

"இன்னும் மூணு வாரம்தான மிஸ், பேரு அனுப்ப."

"ஆமா."

"அது வரைக்கும் ஒண்ணும் ஆகாதுல்லா?"

ஆகாது என்றேன்.

மார்ச் 6

சுபத்ரா அக்காவிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. பெற்றோர் சங்கத்தில் இருப்பவர். கல்வி வாரியத்தில் ஆட்களைத் தெரியும். முத்தரசி என்று பெயரையும் சொல்லி, ஏதாவது செய்ய முடியுமா அக்கா என்று கேட்டேன்.

யார் என்ன என்று அவர் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. வழியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நீ இதப் போட்டு மனச ஒழப்பிக்காத கண்ணு. நான் பாத்துக்கறேன்."

கதவைத் திறந்தபோது ஒரு டப்பா கொடுத்தார். அரிசிம்பருப்புச் சோறு. இன்னும் சூடாக இருந்தது. நானும் அருளும் சாப்பிட்டோம்.

மார்ச் 11

இருப்பிட விசாரணை. வியாழக்கிழமை. பதிவேட்டின்படி முத்தரசியின் தாயும், நகரத்தில் இருக்கும் 'சகோதரி'யும் வர வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். சகோதரிக்கு ஆங்கிலம் போதாது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும்.

"நீ இருப்பது எவ்வளவு வசதி" என்றார் மிசஸ் பிராண்ட்.

மார்ச் 13

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நூலகத்தை ஒட்டிய சின்ன அறை. மேஜை நடுவில் டோனட் பெட்டி. யாரும் தொடவில்லை. மிஸ்டர் டோலன், பள்ளி மாவட்டத்தின் இருப்பிட அதிகாரி, யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று சரிபார்ப்பவர். முன்பு போலீஸ்காரராம். மெதுவாக, மரியாதையாகப் பேசுகிறார். பல் வைத்தியர் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு பேசுவதுபோல.

ஒரு பக்கம் செல்வராணி, சித்தி, அலுவலக உடையில். நடுவில் முத்தரசி. அந்தப் பக்கம் செல்வமணி, கறுப்பு ஸ்வெட்டருக்குக் கீழே புடவை, புடவைக்குக் கீழே ஸ்னோ பூட்ஸ். மிசஸ் பிராண்ட் ஓரத்தில். நான் செல்வமணிக்குப் பக்கத்தில்.

முத்தரசி உங்களை எப்படிக் கூப்பிடுவாள் என்று செல்வமணியைக் கேட்கச் சொன்னார் டோலன். கேட்டேன்.

"அக்காம்பா" என்றார் செல்வமணி.

"அக்கா" என்றேன்.

"அப்படியென்றால்?"

முத்தரசி என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சகோதரி" என்றேன். "மூத்த சகோதரி."

எந்த அகராதியைப் புரட்டினாலும் அதுதான் இருக்கும். ஒரு சொல்கூடத் தவறாக மொழிபெயர்க்கவில்லை. செல்வமணி லேசாகத் தலையாட்டினார், கணக்கைச் சரியாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல.

டோலன் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு சொன்னார்: "எங்களுக்கு வேறு மாதிரி சொல்லப்பட்டிருக்கிறது. இந்தக் குடும்பத்தில் தாயைத்தான் அந்தச் சொல்லால் கூப்பிடுகிறார்களாம். சித்தியைத்தான் அம்மா என்கிறார்களாம். எங்களிடம் சொன்னவர் அழகாகச் சொன்னார். ஒரே ஒரு சொல் ஒரு வீட்டையே இடம் மாற்றிவிட்டதாம்."

மிசஸ் பிராண்ட் என் பக்கம் திரும்பினார். என் பத்தியைப் படித்தவர். ஆனால் அந்த வாக்கியம் பத்தியில் இல்லை. அதை இந்த நோட்டைத் தவிர வேறெங்கும் எழுதவில்லை. ஒரே ஓர் இடத்தில் வாயால் சொன்னேன்.

செல்வமணி என் கையைத் தொட்டார். "என்னம்மா சொல்லுதாரு?"

என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

முத்தரசிதான் பேசினாள், ஆங்கிலத்தில், டோலனிடம்: "இவர் என் அம்மா." பிறகு சித்தியைக் காட்டி: "இவரும்."

"சட்டத்துக்கு ஒருவர்தான் வேண்டும்" என்றார் டோலன். அவருக்கு வருத்தமாகவே இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மார்ச் 14

காரில் நான் சொன்னதை அவர் ஆங்கிலத்தில் நன்றாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்.

மார்ச் 18

சுபத்ரா அக்காவின் கார். ஏறியதும் கேட்டேன். கேட்கும்போது என் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது.

"நீங்கதானக்கா?"

மறுக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினார், மருந்துக் கடை வாசலில்.

"நான் பொய்யா சொன்னேன்? நீ சொன்னதத்தான் சொன்னேன்."

"உங்ககிட்டதானேன்னு நம்பிச் சொன்னேன்."

"இந்த ஸ்கூலுக்காகத்தான் கண்ணு நாங்க இங்க வூடு வாங்குனோம். எட்டு வருசம் ஒரு ரூம்ல நாலு பேரு படுத்துக் கெடந்து வாங்குனோம். வருசா வருசம் வரி கட்டறோம். அவிய பாட்டுக்கு ஆத்தக் கடந்து வந்து உக்காந்துக்குவாங்க, நாங்க கேனயா? நாளைக்கு எல்லாரும் அப்படியே செஞ்சா?"

"அவ சித்தி வீடும் இங்கதான இருக்கு. அவங்களும் கட்டுறாங்க."

"சித்தி வேற, அம்மா வேற. நீயே அதத்தான அழகாச் சொன்ன."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மழை இல்லை. அவர் கவனிக்கவில்லை.

"தோசை மாஸ்டர் புள்ள நல்லாப் படிக்குது, எனக்கும் சந்தோசந்தான். எங்க இருந்தாலும் படிச்சுக்கும். நான் ஒண்ணும் என்ற புள்ளைக்காகப் பண்ணல."

"நேத்ரா பேர நான் சொல்லவே இல்லையேக்கா."

வைப்பரை நிறுத்தினார்.

"கோட்டு பட்டன் பூராம் தொறந்து கெடக்குது பாரு" என்றார். "மொதல்ல போடு."

இறங்கிக்கொண்டேன். மீதித் தூரத்தை நடந்தேன். கோட்டைக் கழற்றி அவர் இருக்கையில் வீசியிருக்கலாம். குளிர். பட்டன்களைப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 19

அருளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டான். பிறகு, "செந்தில் சார்தான் என் க்ரீன் கார்டு பேப்பருக்குக் கையெழுத்துப் போடணும்" என்றான். செந்தில் சார், சுபத்ரா அக்காவின் கணவர், அருளின் மேலதிகாரி. எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் வாயால் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

"பெரிசு பண்ணாதே கோமதி. சட்டப்படி பாத்தா அவங்க பக்கம்தான நியாயம்?"

சட்டப்படி பார்த்தால். ஆமாம்.

தட்டைக் கழுவி வைத்தான். நான் கேட்காமலே. அவனுக்கும் ஏதோ உறுத்துகிறது.

மார்ச் 21

முத்தரசியின் கடைசி நாள். லாக்கரைக் காலி செய்ய அவளோடு ஒருவர் நிற்க வேண்டும் என்பது விதி. என்னை அனுப்பினார்கள்.

புத்தகங்கள். லேப் கண்ணாடி. உள்பக்கக் கதவில் ஒட்டியிருந்த தனிம அட்டவணை. அதை மட்டும் கிழியாமல் எடுக்க நெடுநேரம் பிடித்தது. நகத்தால் ஒவ்வொரு மூலையாக.

"அந்த ஊர் ஸ்கூல்ல திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"நல்லா இருக்கும்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

ஓரமாக நேத்ரா நின்றுகொண்டிருந்தாள். கிட்டே வரவில்லை. அழுதிருந்தாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரே ஒரு பெயர், மாதக் கடைசி வரை காத்திருக்காமல், நேற்று மாலையே போய்விட்டது. நான்தான் உறையில் போட்டு ஒட்டினேன். நேத்ரா செந்தில்குமார். இரண்டாவது பெயரை யாரும் கேட்கவில்லை.

முத்தரசி பையை மூடினாள். அப்போதுதான் கேட்டாள்.

"யாரு மிஸ் சொல்லிருப்பா?"

"தெரியல" என்றேன்.

"நாங்க பக்கத்து வீட்டு ஆளுன்னு நெனைக்கோம். நாய வச்சிருப்பாரே அவரு. சித்தி அவருகூடப் பேசுறதே இல்ல இப்ப."

"இருக்கும்" என்றேன்.

மார்ச் 24

சுபத்ரா அக்காவிடமிருந்து ஒரு மெசேஜ். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நான் வரவேற்புரை எழுதித் தர முடியுமா என்று. கடைசியில் கும்பிடும் கைகள்.

பதில் போடவில்லை.

அவர் என்னை ஏமாற்றினார் என்று நூறு விதமாக மனதுக்குள் எழுதிப் பார்க்கிறேன். எல்லா விதமும் நன்றாக வருகிறது. கோட்டு, கையுறை, சூடான டப்பா, நான் பாத்துக்கறேன். ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். அன்பு இருந்தது. அதுதான் அசிங்கம். அன்பே இல்லாமல் செய்திருந்தால் என்னால் வெறுக்க முடியும்.

நாய் வளர்க்கும் அந்த மனிதரைப் பற்றி மட்டும் ஒரு விதமாகவும் எழுத வரவில்லை.

மார்ச் 29

பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். ஆற்றுப் பாலத்தில் நெரிசல். துணி துவைக்கும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி. படிக்கட்டில் சோப்பு வாசம்.

செல்வமணி கதவைத் திறந்தார். "வாங்கம்மா, உள்ள வாங்க. ஏட்டி முத்து, யாரு வந்திருக்கான்னு பாரு."

ஒரே அறைதான், குறுக்கே ஒரு திரை. முத்தரசி திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன்.

புதிய பள்ளி எப்படி என்று கேட்டேன்.

"கெமிஸ்ட்ரி கிளாஸ்ல இடமில்லையாம். எங்க இடமிருக்கோ அங்க போட்டிருக்காங்க. லேப் இருக்கு மிஸ், கொழாய்ல தண்ணி வராது." சிரித்தாள். "சார் போர்டுல வரைஞ்சு காட்டுதாரு. இது தண்ணின்னு வச்சுக்கோங்கன்னு."

செல்வமணி பால் வைத்தார். அடுப்பைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு அந்த ரூம்ல நீங்க ஒருத்திதான் எங்க பக்கம் நின்னிய. அக்கான்னா அக்காதான்னு சொன்னியள்ளா. எனக்கு இங்கிலீசு வராட்டியும் அது வெளங்குச்சு. இவ அப்பாகிட்டயும் சொன்னேன், நம்ம ஊருப் பிள்ளை, விட்டுக்குடுக்கலன்னு."

நான் சொன்னேன்.

காரில் போனது, பேசியது, என் வாக்கியம், டோலன் அதைத் திருப்பிச் சொன்னது. நாய்க்காரருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது. யாரிடம் சொன்னேன் என்ற பெயர். லாக்கர் பக்கத்தில் தெரியாது என்று சொன்னபோது எனக்குத் தெரியும் என்பது. எதையும் அழகாகச் சொல்லாமல் இருக்கப் பார்த்தேன். அதுவே கடினமாக இருந்தது.

பால் பொங்கி வந்தது. செல்வமணி அடுப்பை அணைத்தார்.

"ஏன் சொன்னீங்க?" என்றாள் முத்தரசி.

"கதை மாதிரி இருந்துச்சு" என்றேன். வேறு பதில் எதையும் நான் கொண்டுபோகவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஏதோ ஒரு சோதனையில் வர வேண்டிய நிறம் வராததுபோலப் பார்த்தாள்.

"நான் தமிழ்லதான மிஸ் சொன்னேன்."

"நானும் அவங்ககிட்ட தமிழ்லதான்…" என்று தொடங்கினேன்.

செல்வமணி எடுத்து வைத்த மூன்று டம்ளர்களில் ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார். "முத்து, அவங்களுக்குக் காப்பி வேண்டாமாம்" என்றார். மகளைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

எழுந்தேன். முத்தரசி வாசல் வரை வந்தாள். கதவைத் திறந்துவிட்டாள். ஆங்கிலத்தில் சொன்னாள்: "நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி, மிசஸ் அருள். பத்திரமாகப் போய்ச் சேருங்கள்." திருத்தமான, மரியாதையான ஆங்கிலம். பள்ளி அலுவலகத்தில் மற்றவர்களிடம் அவள் இப்படித்தான் பேசுவாள்.

கதவு சாத்தும்வரை நின்றேன். படியிறங்கி நிறுத்தத்துக்குப் போனேன். முதல் பஸ்ஸில் கூட்டம், அடுத்ததில் ஏறினேன். வீட்டுக்கு வந்து அரிசி களைந்து வைத்துவிட்டு, அருள் வருவதற்குள் துணிகளை மடித்தேன்.